ஐம்பத்திரண்டு நிமிசம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
ஏலம் முடிந்து கழுவிவிட்ட தரையில்
கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.
திரை என்பது
யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த பிளக்ஸின் பின்பக்கம்.
வெளிச்சம் பட்டதும்
முன்பக்கத்துத் தாய்மாமன்கள் மங்கலாகத் தெரிகிறார்கள்
கைகூப்பியபடி
என் படத்துக்குள்.

குவைத்தில் ஏழு வருசம்.
படம் ஐம்பத்திரண்டு நிமிசம்.
எடுத்த பொண்ணு முதல் நாளே சொன்னாள்:
அக்கா, நீங்க வேலை செய்யறதை எடுக்க மாட்டேன்,
வெள்ளிக்கிழமையை மட்டும் கொடுங்க.

கொடுத்தேன்.
அதனால் இதில்
நான் துடைத்த பதினான்கு சன்னல்கள் இல்லை.
துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
நான் படுத்த இடம் இல்லை.
என் பாஸ்போர்ட் கிடந்த இழுப்பறையும்
அதன் சாவி தொங்கிய மேடத்தின் கழுத்தும் இல்லை.
மாமியாருக்குத்தான் ஏமாற்றம்.
அழுவதற்கென்று தோளில் துண்டோடு வந்திருந்தார்.

திரையில் குசுமாவதி
பழைய துணிக்கடையில் ஒரு பச்சை கவுனுக்கு
அரை தினார் குறைக்கப் போராடுகிறாள்.
அல்மாஸ் பூங்காவின் மரத்தடியில்
காப்பிக்கொட்டை வறுக்கிறாள்,
காவலாளி வருகிறானா என்று பார்த்துக்கொண்டே.
நான் டாக்சிக்காரனிடம் அரபியில் சண்டை போடுகிறேன்.
கெட்ட வார்த்தை வரும் இடத்தில்
கீழே தமிழில் 'சிரிப்பு' என்று போட்டிருக்கிறது.

மாதேசன் என் பக்கம் சாய்ந்து கேட்கிறான்:
உனக்கு இவ்வளவு வேகமா பேச வருமா?

பத்து நிமிச போனில்
நான் அவனிடம் பேசியதெல்லாம்
பணம் வந்துச்சா,
பாப்பாவுக்குச் சளி நின்னுச்சா,
போர் போட்டாச்சா.

முப்பத்தோராவது நிமிசம் கடல்.
பேன்ட்டும் முழுக்கை பனியனுமாக
கழுத்தளவு தண்ணீரில் நான்.
அல்மாஸ் என் முதுகுக்குக் கீழே கை வைத்திருக்கிறாள்.
விட்றாதே விட்றாதே என்று தமிழில் கத்துகிறேன்,
எத்தியோப்பியாக்காரிக்குப் புரிகிற மாதிரி.
அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
மண்டியில் எல்லாருக்கும் தெரிகிறது.

அந்த வாரம்தான் மாதேசன் போனில் சொன்னான்:
எண்ணூறு அடி போயாச்சு,
வெறும் புழுதி.
வண்டிக்காரனுக்கு இன்னும் நாற்பதாயிரம் தரணும்.
அனுப்பறேன் என்றேன்.
மிதக்கக் கத்துக்கிட்டேன் என்று
அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?
அன்றைக்குச் சொல்லாதது
அடுத்த வெள்ளியும் சொல்ல முடியாததாகி
அப்படியே போய்விட்டது.

இப்போது அவன் சாயவில்லை.
கிரேடு விளிம்பை நகத்தால் சுரண்டுகிறான்.
பாப்பா மட்டும்
திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள்,
ஒன்று போலி என்பதைப் போல.

கரண்டு போய்விட்டது.

தண்ணீரின் மேல் நான் மல்லாந்திருக்கையில்,
தாய்மாமன்கள் என் வயிற்றருகே கைகூப்பியிருக்கையில்.
ஊர் முழுக்க இருட்டு.
ஓசூர் பக்கம் போகிற லாரி ஒன்று
வெளிச்சத்தை ஒரு சுற்று காட்டிவிட்டுப் போகிறது.
யாரும் எழவில்லை.
யாரோ கொசுவை அடித்தார்கள்.

எடைமேடை வெங்கட்டம்மாவின் குரல்.
என் சம்பளம் எவ்வளவு என்று
நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள்.

ஏண்டி,
தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?

ஏழு வருசத்தில் இதை யாரும் கேட்டதில்லை.
பக்கத்தில் சுரண்டல் நின்றுவிட்டது.

காலையில சில்லுன்னு இருக்கும்க்கா,
பத்து மணிக்கு மேல
வெதுவெதுன்னு ஆயிடும்.
காதுக்குள்ள போச்சுன்னா
ஒண்ணுமே கேக்காது.
கூப்பிட்டாலும் கேக்காது.